ஒரு வினாடிக்கு ஒரு சொட்டு

1983-ல் நான் ஆண்கள் பொது மருத்துவ வார்டில் தாதியாக வேலைக்குச் சேர்ந்தபோது மருந்தை அளந்து ஏற்றும் பம்ப் எங்களிடம் இல்லை. நெஞ்சில் குத்தியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எல்லாம். வாசோபிரசின் 100 யூனிட்டை 250 மில்லி குளுக்கோஸ் தண்ணீரில் கலந்து, சின்னச் சொட்டாக விழும் குழாயில் மாட்டி, நிமிடத்துக்கு 60 சொட்டு வரும்படி திருகியைச் சரிசெய்வோம். அப்படி விழுந்தால் உடம்புக்குள் நிமிடத்துக்கு 0.4 யூனிட் போகும். வினாடிக்கு ஒரு சொட்டு. நோயாளி முழங்கையை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் ஓடும். இரவில் அந்த வார்டுக்கு நாங்கள் இரண்டே பேர். வேறு கட்டிலில் யாராவது கூப்பிட்டால் போய்விட்டு, ஓடி வந்து மறுபடியும் எண்ணுவேன். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதுக்குள் அந்தச் சொட்டு விழுந்துகொண்டே இருக்கும்.

ரத்தம் கக்கி வருகிற கல்லீரல் நோயாளிகளைப் பற்றித்தான் சொல்கிறேன். எங்கள் வார்டில் அவர்களில் நிறையப் பேர் நம் ஆட்கள். கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர்கள், பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்காரர்கள், கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காப்பார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். நானும் செந்தூலில் பிறந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். காலையில் அங்கே சங்கு ஊதினால் எங்கள் தெருவே எழுந்துவிடும். கட்டிலில் கிடப்பவர் யார் வீட்டு ஆள், எந்த லைனில் குடியிருந்தவர் என்பது பாதி நேரம் எனக்குத் தெரிந்திருக்கும்.

குடும்பத்தாருக்கு இந்த நோயை விளக்க ஜாலான் ஈப்போவை உதாரணம் சொல்வேன். குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் கல்லீரல் வழியாகத்தான் இதயத்துக்குப் போக வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால் மாலை நேரத்து ஜாலான் ஈப்போ மாதிரி வழி அடைத்துக்கொள்ளும். வண்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்? செந்தூல் சந்துகளுக்குள் புகுந்து போவார்கள். உணவுக்குழாயின் அடிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய நாளங்கள்தான் அந்தச் சந்துகள். அழுத்தம் ஏற ஏற அவை புடைத்து, ஒருநாள் ஒன்று கிழியும். "அப்ப இந்த மருந்து கிழிசலைத் தச்சிடுமா மிஸ்ஸி?" என்று ஒரு தாய் கேட்டார். தைக்காது அம்மா, சந்துக்குள்ளே வர்ற வண்டியைக் குறைக்கும் என்றேன். இந்த மருந்துகள் எல்லாவற்றின் வேலையும் அதுதான். எவ்வளவு குறைக்கிறது, குறைக்கும்போது உடம்பில் வேறு எதைக் கெடுக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

வாசோபிரசின் நிறையவே கெடுத்தது. அது குடலுக்குப் போகும் நாளங்களை மட்டும் சுருக்கிவிட்டு நிற்காது. உடம்பு முழுக்கச் சுருக்கும். மருந்து ஏறிய பத்தாவது நிமிடத்தில் நோயாளியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுக்கும். வயிற்றைப் பிசைகிறது என்று பெட்பேன் கேட்பார். அது நல்ல அறிகுறி, மருந்து வேலை செய்கிறது என்று மூத்த சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் அதே சுருக்கம் இதயத்தின் ரத்தக்குழாயிலும் நடக்கும். ரத்தப்போக்கு நின்று, மாரடைப்பில் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு நைட்ரோகிளிசரினைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து குறையும் என்று வந்தது. ஒரு மருந்து சுருக்க, இன்னொன்று விரிக்க, நடுவில் ரத்த அழுத்தத்தைக் கால் மணிக்கொருமுறை பார்த்துக்கொண்டு நாங்கள்.

1984-ல் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் பக்கத்து வீட்டு மாமாவைக் கொண்டுவந்தார்கள். அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்டாயுதபாணி கோயில் தைப்பூசத்துக்குக் கூட்டிப்போனவர். வாளியில் பாதிக்கு ரத்தம், கட்டி கட்டியாக. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பாப்பா, அப்பாகிட்ட சொல்லிடாதே." சம்சு சாராயம் குடிப்பதை அவர் மறைத்து வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். தெருவுக்கே தெரியும்.

அன்று இரவு வேலை எனக்கு. அவருக்கு இதயத்தில் ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்று என் கண் முழுவதும் ஈ.சி.ஜி. திரையில் இருந்தது. சொட்டையும் எண்ணினேன். கையில் சுற்றியிருந்த துணிக்கட்டை மட்டும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. ஊசி நரம்பை விட்டு நழுவி, மருந்து சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு அவர் "கை எரியுது பாப்பா" என்றபோதுதான் அவிழ்த்தேன். புறங்கை வெள்ளைக் காகிதமாக இருந்தது. நடுவில் நீலம். மூன்றாம் நாள் ஐம்பது காசு அளவுக்குக் கறுத்து, பிறகு தோல் கழன்றது. சிஸ்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இனிமே மருந்து போற கையைத் துணியால மூடாதே" என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெறும் நாள்வரை நான் மூடவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த எந்தப் பெண்ணையும் மூட விட்டதில்லை.

மாமா பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்தத் தழும்பை என் அம்மாவிடம் காட்டி, "உன் மக உசுரைக் காப்பாத்துனதுக்குச் சாட்சி" என்று சொல்வாராம். அதைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். எட்டு மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் கக்கினார். இந்த முறை வார்டுவரை வரவில்லை.

அவருக்குக் கொடுத்திருக்க வேண்டிய மாத்திரை அந்த எட்டு மாதமும் எங்கள் மருந்து அலமாரியில் இருந்தது. புரோப்ரனலோல். இதயத் துடிப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தினம் தினம் நான் எடுத்துக் கொடுத்த மாத்திரை. அது கல்லீரல் பக்கத்து அழுத்தத்தையும் இறக்கும் என்று பிரான்ஸில் டிடியே லெப்ரெக் என்ற மருத்துவர் கண்டு, 1981-ல் 74 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டிருந்தார். மாத்திரை சாப்பிட்டவர்களில் ஓராண்டில் 100-க்கு 96 பேருக்கு மறுபடி ரத்தம் வரவில்லை. சாப்பிடாதவர்களில் பாதிப் பேருக்கு வந்தது. ஆனால் 1983-ல் லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று பெரிய பயன் இல்லை என்றது. நம் டாக்டர்களில் பலர் இங்கிலாந்தில் படித்து வந்தவர்கள்; லண்டன் சொன்னதற்குத்தான் எடை அதிகம். கல்லீரல் கெட்டவனுக்கு இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரையா என்று தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே மருந்துக்கு இரண்டு ஊரில் இரண்டு பதில் வந்தால் கட்டில் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார்? பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் மாத்திரை பலன் தருகிறது என்று உறுதியானது. அதற்குள் எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் போய்விட்டார்கள்.

மருந்துக்கும் அடங்காத ரத்தப்போக்குக்கு அப்போது பலூன்தான். செங்ஸ்டேக்கன் குழாயை மூக்கு வழியாக அல்லது வாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கி, நுனியில் இருக்கும் பலூனில் 250, 300 மில்லி காற்று அடைத்து, வெளியே இழுத்துக் கட்டுவார்கள். இழுப்பு விடாமல் இருக்க அரை லிட்டர் சலைன் பாட்டிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோம். கட்டில் தலைமாட்டில் கத்தரிக்கோல் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். பலூன் மேலேறி மூச்சுக்குழாயை அடைத்தால் குழாயை வெட்டிக் காற்றை இறக்க. என் வேலைக்காலத்தில் இரண்டு முறை வெட்டியிருக்கிறேன். ஒரு நாளுக்கு மேல் பலூனை வைத்திருக்கக் கூடாது, உள்ளே புண்ணாகும். இறக்கியதும் பாதிப் பேருக்கு மறுபடியும் ரத்தம் வரும். அந்த நேரத்துக்காகப் பயந்துகொண்டே இருபத்துநாலு மணி நேரத்தையும் கழிப்போம்.

ஆக்ட்ரியோடைட் எங்கள் வார்டுக்கு வந்தது தொண்ணூறுகளில். சிரிஞ்ச் பம்பும் அதோடு வந்தது. முதலில் 50 மைக்ரோகிராம் ஊசி. பிறகு 500 மைக்ரோகிராமை 50 மில்லியில் கலந்து மணிக்கு 5 மில்லி. பத்து மணி நேரம் ஓடும். முதல் நோயாளிக்கு ஏற்றிவிட்டுப் பழைய பழக்கத்தில் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெளுக்கவில்லை. வயிற்றைப் பிடிக்கவில்லை. பெட்பேன் கேட்கவில்லை. தூங்கிவிட்டார். மருந்து ஏறுகிறதா இல்லையா என்று சந்தேகப்பட்டுப் பம்பைத் தட்டிப் பார்த்தேன். அவ்வளவு அமைதியான மருந்து அது. நெஞ்சு வலி வரலாறு உள்ளவர்கள், நீரிழிவில் கால் விரல் ஏற்கெனவே போனவர்கள் என்று நம் ஆட்களில்தான் எத்தனை பேர்! அவர்களுக்கெல்லாம் தைரியமாகக் கொடுக்க ஒரு மருந்து கிடைத்தது.

இடையில் சோமாட்டோஸ்டாட்டின் வைத்துப் பார்த்த காலமும் உண்டு. ஆக்ட்ரியோடைடுக்கு மூல உருவம் அது. உடம்பே சுரக்கிற பொருள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ரத்தத்தில் அதன் ஆயுள் இரண்டு மூன்று நிமிடம்தான். மணிக்கு 250 மைக்ரோகிராம், நாள் முழுக்க நிற்காமல் ஓட வேண்டும். சிரிஞ்ச் முடிந்து அடுத்ததைக் கலப்பதற்குள் மருந்து உடம்பை விட்டுப் போயிருக்கும். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் லிஃப்டில் பம்பின் பேட்டரி இறங்கி, மேலே வந்து சேர்வதற்குள் நோயாளி மறுபடியும் கக்கியதை ஒருமுறை பார்த்தேன். அதற்குப் பிறகு அடுத்த சிரிஞ்சைக் கலந்து ட்ரேயில் வைக்காமல் பழையதை முடிய விட்டதில்லை. புத்தகத்தில் மருந்துகளை ஒப்பிடும் அட்டவணையில் இந்த லிஃப்ட் வராது. வார்டில் வரும்.

அதனால்தான் டெர்லிபிரசின் வந்தபோது தாதிகள் நாங்கள் முதலில் சந்தோஷப்பட்டோம். வாசோபிரசினின் பிள்ளை என்று சொல்லலாம். ஆனால் உடம்புக்குள் போய் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். பொடியாக வரும் குப்பியைக் கரைத்து 2 மில்லிகிராம் மெல்ல ஊசியாகப் போட்டால் நாலு மணி நேரத்துக்குக் கவலை இல்லை. பம்ப் வேண்டாம், சொட்டு எண்ண வேண்டாம். ரத்தம் கட்டுக்குள் வந்ததும் ஒரு மில்லிகிராமாகக் குறைத்து, அதிகபட்சம் ஐந்து நாள். பம்ப் இல்லாத சின்ன மருத்துவமனையிலிருந்து அம்புலன்ஸில் அனுப்பும்போதும் ஓர் ஊசி போட்டு ஏற்றிவிடலாம். பாரிஸில் ஒரு படி மேலே போனார்கள். வீட்டுக்கு வந்த அவசர ஊர்தி மருத்துவர்களே அங்கேயே டெர்லிபிரசினை ஆரம்பித்துப் பார்த்து, 1995-ல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு வருமுன்னே ஊசி போட்டவர்களில் ரத்தம் அதிகம் பேருக்கு அடங்கியது, சாவும் குறைந்தது. எங்கள் டாக்டர் ஒருவர் அந்தக் கட்டுரையை நகலெடுத்து மருந்துக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினார். அது மஞ்சளாகும்வரை அங்கேயே இருந்தது.

டெர்லிபிரசினும் சுருக்குகிற மருந்துதான் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வோர் ஊசிக்கும் முன் நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்பேன். கை விரல், கால் விரல் நகத்தை அழுத்தி விட்டு நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பேன். ஆண்களுக்கு விதைப்பைத் தோலும் கறுக்கலாம். கூச்சப்படாமல் பார்க்க வேண்டும். அதைவிட என்னை ஏமாற்றியது உப்பு. மூன்றாம் நாள் ஒருவர் பேத்த ஆரம்பித்தார். மனைவியை அடையாளம் தெரியவில்லை. கல்லீரல் விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம், லாக்டுலோஸ் கொடுத்தோம். பேதியானது, புத்தி தெளியவில்லை. ரத்தப் பரிசோதனை வந்தபோது சோடியம் 118. டெர்லிபிரசின் சிலருக்கு ரத்தத்தில் உப்பை அப்படி இறக்கிவிடும். ஊசியை நிறுத்தினோம். இரண்டு நாளில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதிலிருந்து தினம் ரத்தம் எடுத்து அனுப்பாமல் அடுத்த ஊசி இல்லை என்று வார்டில் ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்.

எது சிறந்தது? டாக்டர்களுக்குள் இந்தச் சண்டை வருடக்கணக்கில் ஓடியது. மருந்தில்லாத வெறும் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் டெர்லிபிரசின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மற்ற மருந்துகளுக்கு அப்படி நிரூபணம் இல்லை என்று ஒரு கட்சி. ஆக்ட்ரியோடைட் பாதுகாப்பானது, விலையும் கட்டுப்படியாகும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் கொரியாவில் 780 நோயாளிகளை மூன்றாகப் பிரித்து மூன்று மருந்தையும் நேருக்கு நேர் நிறுத்தினார்கள். 2014-ல் முடிவு வந்தது. எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி சிகிச்சையும் உண்டு. ஐந்து நாளில் பலன் கண்டவர்கள் டெர்லிபிரசினில் 100-க்கு 86, சோமாட்டோஸ்டாட்டினில் 83, ஆக்ட்ரியோடைடில் 84. வித்தியாசம் இல்லை என்றுதான் அர்த்தம். விரிவுரை அரங்கில் டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை. முப்பது வருடமாக நான் பார்த்ததில், எந்த மருந்து என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் ஆளைப் பிழைக்கவைத்தது அல்லது கொன்றது. காஷுவல்ட்டியில் சந்தேகம் வந்த அந்த நிமிடமே ஊசி போடப்பட்டு வந்தவர்கள் ஒரு வகை. எண்டோஸ்கோப்பி பார்த்து உறுதி செய்துவிட்டுப் போடலாம் என்று ஐந்து மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் கிடந்து வந்தவர்கள் இன்னொரு வகை. ரத்தநாள வீக்கம் என்று சந்தேகம் வந்தாலே மருந்தை ஆரம்பி, கருவி பிறகு என்று இப்போது உலகம் முழுக்க ஒத்துக்கொண்டுவிட்டார்கள். இத்தாலியில் பவேனோ என்ற ஏரிக்கரை ஊரில் 1990-ல் நிபுணர்கள் கூடிப் பேச ஆரம்பித்து, அந்தக் கூட்டத்தின் பெயரிலேயே இன்றும் விதிகள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் புது விதி வந்ததும் எங்கள் மருந்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் மாறும்.

ஊசி மருந்துகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். சாவைக் குறைத்த இன்னும் இரண்டு விஷயங்கள் பேர் வாங்கவில்லை. ஒன்று ஆன்டிபயாட்டிக். ரத்தம் கக்கிய கல்லீரல் நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் தினம் ஒரு கிராம் செஃப்ட்ரியாக்சோன். கிருமி பரவினால் ரத்தமும் நிற்காது என்பது தெரிய எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது. இன்னொன்று ரத்தம் ஏற்றுவது, சரியாகச் சொன்னால் கொஞ்சமாக ஏற்றுவது. பழைய காலத்தில் போனதையெல்லாம் திரும்பக் கொட்டுவோம். அடைத்த சாலையில் மேலும் லோரிகளை அனுப்புகிற வேலை அது. அழுத்தம் ஏறி மறுபடி கிழியும். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றப்பட்டவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று 2013-ல் பார்சலோனாவிலிருந்து ஆய்வு வந்தது. இதைக் குடும்பத்தாருக்குப் புரியவைப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். ஒரு மகன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து, "என் ரத்தத்தை எடுங்க மிஸ்ஸி, ஏன் அப்பாவுக்கு ஏத்த மாட்டேங்கிறீங்க?" என்று கதறினான். அவனை ஓரமாக உட்காரவைத்து மறுபடியும் ஜாலான் ஈப்போவைச் சொன்னேன்.

எல்லாம் சேர்ந்து எங்கே கொண்டுவந்து நிறுத்தியது? நான் சேர்ந்த காலத்தில் ரத்தம் கக்கி வந்த இப்படிப்பட்ட நோயாளிகளில் 100-க்கு 40 பேருக்கு மேல் ஆறு வாரத்துக்குள் இறந்தார்கள். ஓய்வு பெறும்போது அது 15, 20 என்று இறங்கியிருந்தது. புடைத்த நாளத்துக்கு ரப்பர் வளையம் போடும் எண்டோஸ்கோப்பிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. சிக்கலான கேஸ்களை அனுப்ப 1999-ல் செலாயாங் மருத்துவமனையும் திறந்தது.

ஆனால் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் என் மனம் இன்னும் ஆறவில்லை. புரோப்ரனலோல் இப்போது எல்லோருக்கும் எழுதுகிறார்கள். கார்வெடிலோல் என்ற தம்பி மாத்திரை வந்திருக்கிறது. 6.25-ல் ஆரம்பித்து 12.5 மில்லிகிராம், அழுத்தத்தை இன்னும் நன்றாக இறக்குகிறது என்று அதைத்தான் இப்போது முதலில் தேடுகிறார்கள். மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. விலையோ, டெர்லிபிரசின் ஒரு குப்பிக்கு ஆகும் காசில் மாதக்கணக்கில் புரோப்ரனலோல் சாப்பிடலாம். அதுவும் அரசு மருந்தகத்தில் கையில் கொடுக்கிறார்கள். இருந்தும் நிறுத்திவிடுகிறார்கள். களைப்பு, தலைசுற்றல் என்பார்கள். ஆண்கள் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. மனைவிமார் என்னிடம் தனியாகச் சொல்வார்கள். "மாத்திரை சாப்பிட்டா ஆம்பளை வேலை போயிடுதாம் மிஸ்ஸி." டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், வேறு மாற்றுவார், வளையம் போட்டே சமாளிப்பார். சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தவர்களை நான் அறிவேன்.

லோரி ஓட்டுநர் ஒருவர். முதல் ரத்தப்போக்கிலிருந்து பிழைத்து இரண்டு வருடம் ஒழுங்காக வந்தவர். நாடியைப் பிடித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 58, 60 என்று நிற்கும். பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒரு வருடம் பத்துமலைக்குக் காவடி எடுக்க 48 நாள் விரதம் இருந்தார். மது மாமிசம் எதுவும் தொடவில்லை. "உடம்பு சுத்தமாயிடுச்சு, இனிமே மாத்திரை எதுக்கு?" என்று அதையும் நிறுத்தினார். தழும்பேறிய கல்லீரல் 48 நாளில் பழைய கல்லீரல் ஆகிவிடாது. தைப்பூசம் முடிந்த மூன்றாம் இரவு கழிப்பறையில் விழுந்தார். அவர் மனைவி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவர். அந்த அம்மா காஷுவல்ட்டி கவுண்டரில் போய் "வாந்தி எடுக்குறார்" என்று சொல்லவில்லை. "கல்லீரல் சிரோசிஸ், உணவுக்குழாயிலே நரம்பு வீங்கியிருக்கு, ஏற்கெனவே வளையம் போட்டவரு" என்றார். மாத்திரைப் பையையும் கார்டையும் மேசையில் வைத்தார். படுக்கவைத்த உடனேயே டெர்லிபிரசின் போட்டுவிட்டார்கள். நான் வார்டில் வாங்கும்போது ஈ.சி.ஜி. எடுத்து, ஆன்டிபயாட்டிக் ஏறி, விடிந்ததும் வளையம் போட நேரம் குறித்தாகியிருந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். மஞ்சள் காமாலைக் கிருமி பி, சி இரண்டும் கல்லீரலைத் தழும்பாக்கும். நீரிழிவும் கொழுப்பேறிய கல்லீரலும் இப்போது அதிகமாகக் கொண்டுவந்து சேர்க்கின்றன. பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை நம் நாடு 1989-ல் ஆரம்பித்ததால் அந்தக் கிருமி இளையவர்களிடம் குறைந்திருக்கிறது. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத தையல்கார அம்மா ஒருவர் ரத்தம் கக்கி வந்தார். "கல்லீரல்னு வெளியே சொல்லாதீங்க மிஸ்ஸி, எம்பொண்ணுக்கு வரன் பாக்குறோம்" என்று கெஞ்சினார். மலம் கறுப்பாகி ஐந்து நாளாகியும் அந்தப் பயத்தில் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

போன வருடம் செந்தூல் பாசாரில் மீன் வாங்கும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அந்த வாடை அடித்தது. ரத்தம் வயிற்றில் செரித்துத் தாராக வெளியேறும்போது வரும் வாடை. தெரிந்தவர்களுக்கு அது மறக்காது. கண் வெள்ளையில் மஞ்சள், உள்ளங்கை சிவப்பு. "ஐயா, வெளிக்குக் கறுப்பாப் போகுதா?" என்று மெதுவாகக் கேட்டேன். முதலில் முறைத்தார். பிறகு, "உடம்புச் சூடும்மா, பார்லி தண்ணி குடிக்கிறேன்" என்றார். அவர் மகளின் நம்பரை வாங்கி அங்கேயே நின்று போன் செய்தேன். மீனை விட்டுவிட்டு வந்ததுகூட வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போல ஒட்டாது, இப்படி நாறாது. தாராக ஒட்டினால் சூடு என்று நினைக்காதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் கல்லீரல் நோயாளி இருந்தால் "சிரோசிஸ்" என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கவுண்டரில் முதல் வார்த்தையாக அது வரட்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள், வெட்கமாக இருந்தால் மிஸ்ஸியிடமாவது சொல்லுங்கள். செந்தூலிலிருந்து ஜாலான் பகாங் பொது மருத்துவமனை நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. அதன் அவசரப் பிரிவு இரவு முழுக்கத் திறந்திருக்கிறது.